பித்தப்பை போன பிறகு

திருநெல்வேலிப் பக்கம் கல்யாணம் முடிந்து மறுவீடு என்றால் சொதி வைத்தாக வேண்டும். தேங்காயைத் துருவி மூன்று பால் எடுப்பார்கள். மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, கடைசியாகக் கெட்டியான முதல் பாலை ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிடுவார்கள். கூடவே இஞ்சித் துவையல் கண்டிப்பாக உண்டு. தேங்காய்ப்பால் மந்தம், இஞ்சிதான் அதை முறிக்கும் என்பாள் ஆச்சி. போன வருஷம் தை மாதம் பெரியம்மா மகளின் மறுவீட்டில் அம்மா மதியம் சொதிச் சாப்பாடு சாப்பிட்டாள். ராத்திரி மிச்சச் சொதியை ஆப்பத்துக்கு ஊற்றி மறுபடியும் சாப்பிட்டாள். ஒரு மணி வாக்கில் நான் விழித்தபோது பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அமுக்கிக்கொண்டு, வலி முதுகுக்குப் போய் அங்கிருந்து வலது தோள்பட்டைக்கு ஏறுகிறது என்றாள்.

"வாய்வுப் பிடிப்புட்டி, ஒண்ணுமில்ல. நீ படு."

அது வாய்வு இல்லை என்று தெரிய எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. ஓமத் தண்ணீர், சோடா, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரை, ஒரு கிளினிக்கில் எழுதிக் கொடுத்த இன்னொரு கேஸ் மாத்திரை. வலி இரண்டு மணி நேரம் உருட்டிவிட்டுத் தானாகவே அடங்கிவிடும். மாத்திரை கேட்டுவிட்டது என்று நாங்களும் நினைத்துக்கொள்வோம். செப்டம்பரில்தான் ஒரு டாக்டர் வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி வைத்துக்கொண்டு, "மூச்சை நல்லா இழுங்கம்மா" என்றார். அம்மா பாதி மூச்சில் முகம் சுளித்து நிறுத்திவிட்டாள். மலம் வெள்ளையாகப் போகிறதா, சிறுநீர் அடர் மஞ்சளாக இருக்கிறதா என்றும் கேட்டார். அம்மா கூச்சப்பட்டு என் முகத்தைப் பார்த்தாள். இரண்டும் இல்லை. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கற்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா கேட்டாள்: "பையையே எடுத்துட்டா சோறு எப்படிட்டி செமிக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் செரிமான மண்டலம் படம் வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். வாய், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று அம்புக்குறி போட இன்றைக்கும் தெரியும். நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பது அந்தப் படத்தில் இல்லை. அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து செல்போனில் படிக்க ஆரம்பித்தேன், அப்புறம் மாதக்கணக்கில் விடவே முடியவில்லை. இந்த உறுப்புகள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கீழே இருப்பது மேலே இருப்பதைப் பார்த்து "நில்லு" என்கிறது, பக்கத்தில் இருப்பதைப் பார்த்து "இப்போ கொடு" என்கிறது. அந்தப் பேச்சுவார்த்தை புரிந்தபோதுதான் அம்மாவின் வலி எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு நான் சொன்ன வரிசையிலேயே, ஒரு கவளம் சொதிச் சோற்றின் பின்னாலேயே போய் இங்கேயும் சொல்கிறேன்.

சோறு வாய்க்கு வரும் முன்பே, தாளித்த வாசனைக்கே எச்சில் ஊறிவிடுகிறது. ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறோம். அதிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை அங்கேயே உடைக்கத் தொடங்கும். வெறும் சோறு ஒரு வாய் எடுத்து விழுங்காமல் ஒரு நிமிஷம் மென்றால் லேசாக இனிப்புத் தட்டும். மாவு சர்க்கரையாகிறது என்று அர்த்தம். அம்மாவைச் செய்து பார்க்கச் சொன்னேன், "ஆமா, இனிக்கி" என்றாள். அதே வாசனைக்கு இரைப்பையும் அமிலம் சுரக்க ஆரம்பித்துவிடுகிறது. ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் நாய்களை வைத்து இதைத்தான் வருஷக்கணக்காக ஆராய்ந்தார். மணிச் சத்தத்துக்கு எச்சில் விட்ட நாய்க் கதையால் அவரை எல்லோருக்கும் தெரியும். 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்காக.

விழுங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாக்கு கவளத்தைப் பின்னால் தள்ளும்வரைதான் அது நம் கையில் இருக்கிறது. அப்புறம் குரல்வளை மேலே எழும்பி, அதன் மூடி கவிந்து, மூச்சுப்பாதை அடைபடும். அந்த ஒரு நொடியில் பேசிவிட்டாலோ சிரித்துவிட்டாலோ புரை ஏறும். யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவோமே, அதுதான். உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். சோறு அதில் தொப்பென்று விழுவதில்லை. குழாய்ச் சுவர் மேலிருந்து கீழாக அலை மாதிரி சுருங்கித் தள்ளிக்கொண்டே வருகிறது. படுத்துக்கொண்டு விழுங்கினாலும் சோறு போய்ச் சேரும்.

இரைப்பை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் தொப்புளைக் காட்டுவோம். அது விலா எலும்புகளுக்குக் கீழே, இடது பக்கம் மேலாக இருக்கிறது. சாப்பிட்டால் ஒரு லிட்டருக்கு மேலேயே விரியும். எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையான ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதத்தை அறுக்கிற பெப்சினும் அங்கே சுரக்கின்றன. அந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாமல் இருக்கக் கோழைப் படலம் ஒன்று உள்சுவர் முழுக்கப் பூசியிருக்கும், உள்சுவரின் செல்களும் சில நாளுக்கு ஒருமுறை புதிதாகிவிடும்.

இந்த இரைப்பையை மணிக்கணக்காகக் கண்ணால் பார்த்தவர் வில்லியம் போமாண்ட் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். 1822 ஜூன் மாதம் மேக்கினா தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலித் தொழிலாளியின் இடது விலாவுக்குக் கீழே துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பிழைக்க மாட்டார் என்றே நினைத்தார்கள். பிழைத்தார், ஆனால் இரைப்பைக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு துளை ஆறாமலே நின்றுவிட்டது. போமாண்ட் இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோசு என்று துண்டு துண்டாகப் பட்டு நூலில் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே இறக்குவார். ஒரு மணி நேரம் கழித்து வெளியே இழுத்து, எது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவார். வருஷக்கணக்கில் செய்த இந்தச் சோதனைகளை 1833இல் புத்தகமாகப் போட்டார். கொழுப்பான சாப்பாடு செரிக்கக் கஷ்டப்படுகிறது என்பதும் அவருடைய முடிவுகளில் ஒன்று. அறிவியலுக்கு அவர் செய்தது பெரிய காரியம். ஆனாலும் அந்த நூலின் மறுமுனையில் இருந்த மனிதரை நினைக்காமல் என்னால் இதைப் படிக்க முடியவில்லை. பிழைப்புக்காகத் தன் வயிற்றையே அவர் திறந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. நடுநடுவே பொறுக்க முடியாமல் ஊருக்குப் போய்விடுவார், திரும்பவும் அழைத்து வருவார்கள். அந்தத் துளையோடேயே வாழ்ந்து 1880இல் இறந்தார்.

சரி, கொழுப்பு ஏன் மெதுவாகப் போகிறது? இதற்குப் பதில் இரைப்பையில் இல்லை, அதற்கு அடுத்த வீட்டில் இருக்கிறது.

இரைப்பையை விட்டு வெளியே வந்ததும் சிறுகுடலின் முதல் பகுதி. பழைய கிரேக்க மருத்துவர்கள் பன்னிரண்டு விரல் அகலம் என்று அளந்து, அந்த அளவையே அதற்குப் பெயராக வைத்தார்கள். நம் பாடப்புத்தகத்தில் முன்சிறுகுடல். சுமார் 25 சென்டிமீட்டர்தான். மொத்தச் செரிமானத்தின் கட்டுப்பாடும் அநேகமாக இங்கேதான் இருக்கிறது என்று சொல்லலாம். கூழான சாப்பாடு இரைப்பையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இங்கே இறங்கும்போது, சுவரிலுள்ள செல்கள் அதை ருசி பார்க்கின்றன. வந்திருப்பது எவ்வளவு புளிப்பு, கொழுப்பு இருக்கிறதா, புரதம் இருக்கிறதா என்று பார்த்து அதற்கேற்ற சேதியை ரத்தத்தில் விடுகின்றன.

இது 1902 ஜனவரியில் லண்டனில் தெரியவந்தது. வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் இரண்டு பேரும் ஒரு நாயின் குடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் வெட்டிவிட்டு, அங்கே அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நரம்பு வழியாகத்தான் நடக்கிறது என்பது பாவ்லோவின் கருத்து. அப்படியானால், குடலில் அமிலம் பட்டதும் செரிமான நீர் சுரக்கிற கணையம் இப்போது அசையவே கூடாது. ஆனால் கணையநீர் சுரந்தது. உடனே குடலின் உள்தோலைச் சுரண்டி, அமிலத்தில் அரைத்து, வடிகட்டி, நாயின் ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். மறுபடியும் சுரந்தது. அந்தப் பொருளுக்கு செக்ரிடின் என்று பெயர் வைத்தார்கள். ஹார்மோன் என்ற சொல்லை ஸ்டார்லிங் 1905இல் பயன்படுத்தினார். இன்று சர்க்கரை, தைராய்டு என்று வீட்டுக்கு வீடு பேசுகிற ஹார்மோன் கதை குடலில்தான் தொடங்கியிருக்கிறது.

அமிலம் வந்தால் செக்ரிடின். கொழுப்பு வந்தால் இன்னொன்று, கோலிசிஸ்டோகைனின். 1928இல் அமெரிக்காவில் ஐவி, ஓல்ட்பெர்க் இருவரும் கண்டுபிடித்தது. அந்த நீளமான பெயருக்கு, பித்தப்பையை அசைப்பது என்று பொருள். எங்கள் வீட்டுக் கதையே இதுதான் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

பித்தநீரைச் செய்வது கல்லீரல். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல், ஒரு லிட்டர் வரைகூடப் பித்தநீர் சுரக்கும். ராத்திரி பகல் என்று பார்க்காமல் சொட்டிக்கொண்டே இருக்கும். நாம் எப்போதும் சாப்பிட்டுக்கொண்டா இருக்கிறோம்? அதனால் சாப்பிடாத நேரத்தில் வருகிற பித்தநீரை ஒரு சின்னப் பையில் சேர்த்து, அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சி, பல மடங்கு கெட்டியாக்கி வைத்திருக்கிறது உடம்பு. பித்தப்பை அவ்வளவுதான். 50 மில்லி கொள்ளும், ஒரு காபி டம்ளரில் பாதிகூட வராது. சொதியின் கொழுப்பு முன்சிறுகுடலில் பட்டதும் சேதி போகிறது. பித்தப்பை சுருங்குகிறது. குழாயின் வாயிலுள்ள வால்வு தளர்கிறது. கணையம் நொதிகளை அனுப்புகிறது. இரைப்பைக்கு "மெதுவா விடு, இங்கே வேலை இருக்கு" என்று உத்தரவு போகிறது. ஆச்சி சொன்ன மந்தம் இதுதான் என்று எனக்குத் தோன்றியபோது எழுந்து கொஞ்ச நேரம் வராந்தாவில் நடந்தேன். தேங்காய்ப்பால் வயிற்றில் கனமாகக் கிடக்கிறது என்று அவள் சொன்னது சரி. குடல்தான் அதை நிறுத்தி வைத்திருக்கிறது.

பித்தநீரின் வேலையைப் பார்க்க அடுக்களைக்குப் போனால் போதும். அப்பளம் பொரித்த வாணலியில் வெறும் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதக்கும். சோப்புத் தூளைக் கொஞ்சம் போட்டுக் கலக்கினால் வட்டங்கள் சிதறித் தண்ணீர் வெள்ளையாகிவிடும். பித்த உப்புகள் அந்தச் சோப்பின் வேலையைச் செய்கின்றன. கொழுப்பைப் பொடித்துளிகளாகச் சிதறடித்துக் கொடுத்தால்தான் கணையத்திலிருந்து வரும் லிப்பேஸ் என்ற நொதி அதை உடைக்க முடியும். வேலை முடிந்ததும் பித்த உப்பை உடம்பு வீணாக்குவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 95 சதவீதத்தை உறிஞ்சி, ரத்தம் வழியாகக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்புகிறது. உடம்பில் மொத்தம் இருப்பது சில கிராம் பித்த உப்புதான், அதுவே ஒரு நாளில் பல தடவை சுற்றி வருகிறது.

அம்மாவின் பையில் பித்தநீர் கெட்டியாகிக் கெட்டியாகிக் கல்லாகிவிட்டது. பித்தநீரில் கரைந்திருக்கும் கொலஸ்ட்ராலோ, நிறமியோ அளவு மிஞ்சினால், பையும் சரியாகக் காலியாகாவிட்டால், துகள் படிந்து வருஷக்கணக்கில் வளரும். கல் சும்மா கிடந்தால் வலி இல்லை. கொழுப்புச் சாப்பாடு வந்து, சேதி வந்து, பை சுருங்கும்போது ஒரு கல் அதன் வாயில் வந்து அடைத்துக்கொள்ளும். பை விடாமல் பிழியும், வழி இருக்காது. அதுதான் நடுராத்திரி வலி. பை தளர்ந்ததும் கல் பின்னால் விழும், வலி போய்விடும், கேஸ் மாத்திரைக்குப் பேர் கிடைக்கும். தோள்பட்டைக்கு வலி ஏறுவதற்கும் காரணம் உண்டு. பித்தப்பைக்கு மேலே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருகிறது. தோள்பட்டைத் தோலின் உணர்வும் தண்டுவடத்தில் அதே இடத்தில் போய்ச் சேருகிறது. மூளை இடம் மாற்றிப் புரிந்துகொள்கிறது.

டாக்டர் வெள்ளை மலத்தையும் மஞ்சள் சிறுநீரையும் கேட்டதன் அர்த்தமும் அப்போது விளங்கியது. மலத்தின் பழுப்பு நிறமே பித்தநீரிலுள்ள நிறமியால் வருவது. கல் நழுவி, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுக் குழாயை அடைத்தால் நிறம் குடலுக்குப் போகாமல் ரத்தத்துக்குத் திரும்பும், சிறுநீரும் கண்ணும் மஞ்சளாகும். கணையக் குழாயும் அதே வாசலில்தான் திறக்கிறது என்பதால் கணையமும் வீங்கலாம். அது உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டில் யாருக்காவது எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே திரும்பத் திரும்ப வலி வந்தால், தயவுசெய்து வாய்வு என்று விடாதீர்கள். வயிற்று ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் பகீரென்கிறது.

முன்சிறுகுடலைத் தாண்டிய சிறுகுடல்தான் நமக்குச் சோறு போடுகிறது. இறந்த உடலில் அளந்தால் 6 மீட்டர் வரை வரும், உயிரோடு இருக்கையில் தசை இறுக்கத்தால் அதைவிடக் குட்டை. உள்சுவர் முழுக்க ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குடலுறிஞ்சிகள், துண்டுத் துணியின் இழை மாதிரி நெருக்கமாக நிற்கும். சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் ரத்தத்தில் சேர்ந்து நேரே கல்லீரலுக்குப் போகின்றன. சொதியின் கொழுப்புக்கு வேறு பாதை. நிணநீர்க் குழாய்களில் ஏறி, நெஞ்சு வழியாக மேலே போய், இடது கழுத்தடியில் ரத்தத்தில் கலக்கிறது. சாப்பிட்ட தேங்காய்ப்பால் கழுத்துவரை போய்த்தான் இறங்குகிறது என்றதும் அம்மா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சாப்பாடு போன பிறகும் குடல் சும்மா இருப்பதில்லை. வெறும் வயிற்றில் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய அலை இரைப்பையிலிருந்து புறப்பட்டு, மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளிக்கொண்டே போகும். பந்தி முடிந்து இலை எடுத்ததும் கூடத்தைத் துடைப்பது மாதிரி. வயிறு கடமுடவென்று உருட்டுவது அப்போதுதான். இதற்கெல்லாம் மூளையைக் கேட்க வேண்டியதே இல்லை. குடல் சுவரில் 10 கோடிக்கும் மேல் நரம்பு செல்கள் இருக்கின்றன. தனியாக வெட்டி எடுத்த குடல் துண்டுகூட உப்புநீரில் கொஞ்ச நேரம் நெளியும்.

பெருங்குடல் ஒன்றரை மீட்டர். மிச்சத் தண்ணீரை எடுத்துக்கொள்வதும், கோடிக்கணக்கான பாக்டீரியாவைக் குடிவைத்து நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவற்றுக்குக் கொடுப்பதும் அதன் வேலை. காற்று அங்கேதான் உண்டாகிறது. காலையில் காபி குடித்ததும் கழிப்பறைக்கு ஓடுகிறோமே, அதுவும் சேதிதான். இரைப்பை நிறைகிறது என்றதும் பெருங்குடல் இடம் ஒழிக்கிறது.

ஆபரேஷன் ஒன்றேகால் மணி நேரம். தியேட்டர் கதவைத் திறந்து, கூட வந்தவர்களைக் கூப்பிட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார்கள். காற்றுப் போன பலூன் மாதிரி ஒரு பை. பக்கத்தில் துவரம்பருப்பு அளவில் பதினேழு கற்கள், பச்சை ஓடிய பழுப்பு நிறம். கல் ஒவ்வொன்றும் உருண்டையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றோடொன்று உரசி உரசிப் பக்கங்கள் வழவழவென்று தட்டையாகியிருந்தன. எவ்வளவு காலமாக இவை அம்மாவுக்குள் நெருக்கிக்கொண்டு கிடந்திருக்கும் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

அன்று ராத்திரி அம்மாவுக்கு மறுபடியும் அதே வலது தோள்பட்டையில் வலி. "எடுத்த பொறவும் வலிக்கே" என்று பயந்துவிட்டாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனில் வயிற்றை விரிக்க கார்பன் டை ஆக்சைடு ஏற்றுவார்கள், அது கொஞ்சம் உதரவிதானத்துக்கு அடியில் தங்கி இப்படி வலிக்கும், இரண்டு நாளில் போய்விடும். இந்தத் தடவை நிஜமாகவே வாயுதான். விடிந்ததும் அவரே வந்து, "அம்மா, காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டார். மயக்க மருந்தில் அயர்ந்துபோன குடல் எழுந்துவிட்டதா என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. அம்மா வெட்கப்பட்டுத் தலையாட்டினாள். அப்புறம் ஒரு இட்லி.

அம்மாவின் கேள்விக்கான பதிலை அந்த இட்லி சாப்பிடும்போது சொன்னேன். பைதான் போயிருக்கிறது, பித்தநீர் செய்கிற கல்லீரல் அப்படியே இருக்கிறது. முன்பு சேர்த்து வைத்துக் கெட்டியாக்கிக் கொடுத்தது, இனி நேரே குடலுக்குச் சொட்டும். ஒரே நேரத்தில் நிறையக் கொழுப்பு வந்தால் கொஞ்சம் திணறும், சிலருக்கு வயிறு இளகும், அதனால் சில வாரம் எண்ணெயைக் குறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும்.

"அப்போ தொட்டித் தண்ணிக்குப் பதிலா கொழாத் தண்ணி. அப்படித்தானட்டி?"

அன்று ராத்திரி வராந்தாவிலும் அப்புறம் மாதக்கணக்கிலும் நான் படித்ததை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

இந்த வருஷம் ஆவணியில் சித்தப்பா வீட்டு மறுவீடு. மதியப் பந்தியில் அம்மா ஒரு கரண்டி சொதியும், அதற்குச் சமமாக இஞ்சித் துவையலும் வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்து இலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ராத்திரி எனக்குத் தானாக முழிப்பு வந்தது, மணி ஒன்று இருபது. அம்மா வலது பக்கமாக ஒருக்களித்து, கையைக் கன்னத்துக்குக் கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.